பொலிகிடாவைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் நாம் கண்டுவரும் வழக்கம் ஒன்றுண்டு. மந்தையில் நன்கு வளர்ந்த கிடாக்குட்டியைப் பண்டிகைச் சந்தையில் விற்றுவிட்டு, விலை போகாத குட்டியைப் பொலிகிடாவாக நிறுத்திக்கொள்கின்றனர். ஒரு கிடா ஓராண்டில் முப்பது குட்டிகளுக்குத் தந்தையாகும் என்பதை எண்ணிப் பார்த்தால் நட்டம் எவ்வளவென்பது விளங்கும்.

அங்ஙனமாயின் எடை மிகுந்த கிடாவை நிறுத்தினால் போதுமா? போதாது. விரைந்து வளரும் ஆட்டில் பெரும்பாலும் கொழுப்பும் உடன் ஏறும். இச்சிக்கலைத் தீர்க்க அமெரிக்க அறிஞர் ஹேசல் 1943-இல் ஒரு முறையை வகுத்தார். ஒவ்வொரு பண்பின் விலைமதிப்பு, அது குட்டிக்கு இறங்கும் அளவு, பண்புகளுக்கிடையேயுள்ள பிணைப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு, ஆடு ஒன்றுக்கு ஒரே எண்ணாகத் தருவது அம்முறை. இதுவே தேர்வுக் குறியெண்.

உதாரணமாக, சராசரிக்கு மேற்பட்ட எடையில் கிலோவுக்கு 2 புள்ளி கூட்டி, முதுகுக் கொழுப்பில் மில்லிமீட்டருக்கு 3 புள்ளி கழிப்பதாகக் கொள்வோம். முதற்கிடா 4 கிலோ மிகுதி, கொழுப்பு 2 மில்லிமீட்டர் மிகுதி. அதன் எண் 2. அடுத்தது 3 கிலோவே மிகுதி, கொழுப்போ சராசரி. அதன் எண் 6. தராசு மட்டும் பார்த்தவர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்!

ஸ்காட்லாந்தில் சஃபோக் இன ஆடுகளை இம்முறைப்படி 9 ஆண்டுகள் தேர்ந்தெடுத்தனர். குட்டிகளின் 150-ஆம் நாள் எடையும், மீயொலிக் கருவியால் அளந்த தசை, கொழுப்பு ஆகியவற்றின் தடிமனும் கணக்கில் சேர்ந்தன. முடிவில் எடையும் தசையும் ஏறின, கொழுப்பு குறைந்தது.

அவர்கள் எண்ணை அப்படியே நம் மேச்சேரி ஆட்டின்மேல் ஏற்றலாகாது. விலைமதிப்பு சந்தைக்குச் சந்தை வேறு. மேச்சேரி ஆட்டுக்குத் தோலினாலும் பெயருண்டு. நமக்குரிய எண்ணை வகுக்க முதலில் வேண்டியது பதிவேடு. பிறந்த நாள், தாய், ஒற்றையா இரட்டையா, 3-ஆம் மாத எடை, 6-ஆம் மாத எடை ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். இரட்டைக் குட்டி தாய்ப்பாலைப் பங்கிட்டு உண்டது. அதனை ஒற்றையோடு நேராக ஒப்பிட்டுக் கழித்துவிடுவது அநியாயம். ஒரே பருவத்துக் குட்டிகளையே தம்முள் ஒப்பிட வேண்டும்.

இருபது ஆடு வைத்திருப்பவர் தனியே இதைச் செய்ய இயலாது. பத்து அங்கத்தினர் ஒரே தராசில் நிறுத்து, ஒரே ஏட்டில் எழுதி, கிடாக்களைப் பட்டிக்குப் பட்டி மாற்றிக்கொண்டால் ஒப்பீடும் கிடைக்கும், தந்தையே மகளோடு சேரும் கேடும் விலகும். சேலம் மாவட்டப் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. ஏட்டின் அமைப்பை அங்குக் கேட்டறிந்து, அடுத்த ஈற்றுக்கு முன் தொடங்கலாம்.