ஜெபமும் கணக்கும்: விசுவாச வீட்டுக்கு 9 குறிப்புகள்

ஞானம் கேட்டு ஜெபிக்காத கிறிஸ்தவ வீடு இருக்காது. ஜெபம் முடிந்து எழுந்தால் சீட்டுப் பணம், ஜாமீன் கையெழுத்து, பிள்ளைகள் படிப்பு, சொந்தக்காரர் மனஸ்தாபம் என்று வரிசையாக நிற்கும். கேட்ட ஞானத்துக்கு வேலை அங்கேதான். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வீடுகளுக்குப் பொருந்தும் சில பழக்கங்கள் இதோ.

1. தேதிக்கு ஒரு அதிகாரம்: நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். இன்று என்ன தேதியோ அந்த அதிகாரத்தை வாசியுங்கள். அடுப்பில் பால் காய்வதற்குள் முடிந்துவிடும். நடுவில் சில நாள் விட்டுப்போனால் பழைய பாக்கியைத் தீர்க்க உட்கார வேண்டாம். இன்றைய தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2. காலண்டர் தாளின் பின்பக்கம்: தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள். வாசித்ததில் ஒன்றை இன்றைய வேலையாக மாற்றி அதன் பின்பக்கம் எழுதுங்கள். கையில் பணம் இருக்கும்போதே, கொடுக்க வேண்டியவரை நாளைக்கு வரச் சொல்லாதே என்ற கருத்து 3ஆம் அதிகாரத்தில் வருகிறது. தாளில் "பால்காரர் பாக்கி, இன்றைக்கே" என்று எழுதினால் போதும்.

3. ஜாமீன் கையெழுத்து: பிணை நிற்பதைப் பற்றி 6, 11, 17, 22 ஆகிய அதிகாரங்கள் எச்சரிக்கின்றன. சட்டமும் கடுமைதான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. எனவே கேட்ட அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேனுங்க மாமா" என்று ஒரு நாள் வாங்குங்கள். முழுத் தொகையும் நம் தலையில் விழுந்தால் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால், முடிந்த சிறு தொகையை உதவியாகவே கொடுத்துவிடுங்கள். உறவும் மிஞ்சும்.

4. சனிக்கிழமைக் கணக்கு: மந்தையின் நிலையை அறிந்துவைக்கச் சொல்கிறது 27ஆம் அதிகாரம். பனியன் கம்பெனி வாரச் சம்பளம் வரும் வீடானால் சனிக்கிழமை இரவே நோட்டில் வரவு செலவை எழுதுங்கள். காணிக்கை, வாடகை, மளிகை மூன்றையும் தனித்தனிக் கவரில் போட்டுவிட்டு, மீதியைச் செலவுக்கு எடுங்கள். ஆடு, மாடு வைத்திருப்பவர்கள் தடுப்பூசித் தேதியையும் அதே நோட்டில் குறிக்கலாம்.

5. பெரிய முடிவுக்கு நாலு கட்டம்: தென்னிந்தியத் திருச்சபையின் கோவைத் திருமண்டலத்துக்கு 1950இல் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, நம் நாட்டுத் தத்துவ மரபிலிருந்து 'பிரமாணம்' என்ற முறையை எடுத்துக்கொண்டார். விசுவாசத்துக்கு ஆதாரமாக வேதம், யுக்தி, அனுபவம், சபை ஆகியவற்றைச் சொன்னார். வீட்டிலும் இது உதவும். ஒரு தாளை நாலாக மடியுங்கள். சைட் வாங்குவதா? வேதம்: இதில் பேராசையோ யாரையாவது ஏமாற்றுவதோ உண்டா? யுக்தி: வில்லங்கச் சான்று பார்த்தாயிற்றா, மாதத் தவணை கட்டுப்படியாகுமா? அனுபவம்: போன கடன் என்ன பாடு படுத்தியது? சபை: முகத்துக்கு நேரே மறுத்துப் பேசக்கூடிய பெரியவர் ஒருவர் என்ன சொல்கிறார்? ஒரு கட்டம் காலியாக இருக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

6. கண்ணை மூடித் திறக்காதீர்கள்: வேதாகமத்தைக் கண்மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தை வைத்துக் கல்யாணத்தையோ வேலையையோ முடிவு செய்ய வேண்டாம். புத்தாண்டில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையையும் அப்படியே பிடித்துக்கொள்ளாமல், அந்த வசனம் வரும் அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். யாரிடம், எந்த நிலைமையில் சொன்னது என்பது புரியும்.

7. தறி நின்ற பிறகு பேச்சு: சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும், சாதாரணப் பேச்சே சண்டை போலக் கேட்கும். பண விஷயம், பிள்ளைகள் விஷயமெல்லாம் தறியை நிறுத்திய பிறகு பேசுங்கள். கேட்பதில் வேகமும் பேசுவதில் நிதானமும் வேண்டும் என்கிறது யாக்கோபின் நிருபம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கோபமான பதிலை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டால், பாதியை அனுப்பவே மாட்டீர்கள்.

8. பக்கத்தில் ஒரு குறள்: ஈரோட்டில் லண்டன் மிஷன் ஊழியராக இருந்த எச். ஏ. பாப்லி, தேர்ந்தெடுத்த குறள்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1931இல் நூலாக்கினார். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டினால், சோம்பலைக் கண்டிக்கும் நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தோடு குறளின் 'மடியின்மை' அதிகாரத்தையும், மெதுவான பதிலைப் புகழும் நீதிமொழிகள் 15ஆம் அதிகாரத்தோடு 'இனியவை கூறல்' அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். பள்ளிப் பாடத்துக்கும் ஆயிற்று.

9. ஜெபத்தோடு மாத்திரையும்: சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் மாத்திரையை உபவாச நாளில் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், நோயாளியை ஜெபிக்கவும் சொல்கிறது, மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. மாத்திரை டப்பாவை வேதாகமம் இருக்கும் அலமாரியிலேயே வைத்தால் இரண்டும் மறக்காது.