நடுப்படி இல்லாத ஏணி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

முன்னுரை

பெரியநாயக்கன்பாளையத்து லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் தொழிலுக்குச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அத்தொழிலைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோது, நடுத்தரச் செலவில் உருவாகும் விளையாட்டுகள் அருகிவிட்டதை அறிந்தேன். அதன் காரணத்தையும் விளைவையும் இங்குக் காண்போம்.

நடுத்தர விளையாட்டு

ஒரு விளையாட்டை ஓரிருவர் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆயிரம் பேர் கூடியும் செய்யலாம். இடையே, சில பத்துப் பேர் ஓரிரண்டு ஆண்டு உழைத்துச் செய்வதே நடுத்தர விளையாட்டு. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 கருவியில் இவை மலிந்திருந்தன. அக்கருவி உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றது. நம் நாட்டிலும் 2009-இல் ஹைதராபாத் நிறுவனங்கள் அதற்கென 'ஹனுமான்: பாய் வாரியர்', கபடியும் கிட்டிப்புள்ளும் அடங்கிய 'தேசி அட்டா' ஆகியவற்றை உருவாக்கின.

நலிவின் காரணங்கள்

முதலாவது, செலவு. கருவிகளின் திறன் கூடக் கூட, திரையில் தெரியும் ஒவ்வொரு கல்லையும் இலையையும் நுணுக்கமாக வரைய வேண்டியதாயிற்று, ஆட்கள் பெருகினர். பெரிய விளையாட்டுகளுக்கு 20 கோடி டாலருக்கு மேலும் ஒதுக்கப்படுவதை 2023-இல் பிரிட்டனின் வணிகப் போட்டி ஆணையம் எடுத்துக்காட்டியது. இரண்டாவது, விலை. பெரியதும் நடுத்தரமும் ஏறக்குறைய ஒரே விலை என்றால், மக்கள் பெரியதையே வாங்குவர். மூன்றாவது, கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகள்.

நடுத்தர விளையாட்டுகள் பலவற்றை வெளியிட்ட அமெரிக்காவின் டி.எச்.கியூ. நிறுவனம் 2012 டிசம்பரில் நொடித்தது; அடுத்த மாதமே துண்டு துண்டாக விற்கப்பட்டது. நம் நிறுவனங்கள் பலவும் கைபேசி விளையாட்டுக்கோ, வெளிநாட்டாருக்குச் செய்துகொடுக்கும் வேலைக்கோ திரும்பின. அவ்வாறு பெயர்பெற்ற பெங்களூர் துருவா நிறுவனத்தை 2019-இல் அமெரிக்காவின் ராக்ஸ்டார் வாங்கிக்கொண்டது.

விளைவு என்ன?

இதை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "பெரிய கம்பெனில ஒரே பார்ட்டத்தான் நாளெல்லாம் கடையோணும் சாமி. ரெண்டு பேர் பட்டறைல ஆளே சேர்க்க மாட்டாங்க. பத்திருபது பேர் இருக்கிற எடத்துலதான் தொழில் பழக முடியும். அது இல்லீன்னா, நீ யாருகிட்டப் போய்ப் பழகுவே?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. புதியவர் முழு வேலையும் கற்பதும், புதுமையைத் துணிந்து சோதிப்பதும் நடுத்தர நிறுவனத்தில்தான். அது மறைந்தால், ஏணியில் நடுப்படி இல்லை என்றே பொருள்.

நம்பிக்கைக் கீற்று

கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லும் 'வெண்பா', டொராண்டோவில் ஒரு சிறு குழு செய்தது. 2023-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதைச் சிறந்த முதற்படைப்புக்காகப் பெற்றது. 2025 ஏப்ரலில், சுமார் முப்பது பேரை மையமாகக் கொண்ட பிரெஞ்சுக் குழு வெளியிட்ட 'கிளேர் ஆப்ஸ்கியூர்', மூன்றே நாளில் பத்து லட்சம் படிகள் விற்றது.

முடிவுரை

கோவையின் பம்புசெட்டும் வெட் கிரைண்டரும் பெயர்பெற்றது சிறு, நடுத்தரப் பட்டறைகளால் அன்றோ? நண்பர்களே, ஆளுக்கொரு புராஜெக்ட் என்று பிரியாமல், வரைபவர், எழுதுபவர், இசை அறிந்தவர் எனத் துறை கடந்து பதின்மராய்ச் சேர்வோம். ஒரு விளையாட்டையேனும் முழுமையாகச் செய்து முடிப்போம். பேராசிரியப் பெருமக்கள் அதற்கு ஆய்வகத்தில் மாலை நேரம் தந்து உதவ வேண்டுகிறேன். என் தந்தையாரின் கேள்விக்கு இப்போதைக்கு எனக்குத் தெரிந்த விடை இதுவே.