காற்றிழந்தும் ஓடும் டயர்

(இரண்டாமாண்டு, இளநிலை இயற்பியல்)

சக்கரத்தை முதன்முதலில் செய்தவன் எவன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சக்கரத்துக்குள் காற்றை அடைத்தவர் யார் என்பது தெரியும். ராபர்ட் தாம்சன் என்னும் ஸ்காத்லாந்துப் பொறியாளர் 1845-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. பின்னர் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கல்பாவிய தெருவில் குலுங்குவதைக் கண்டு, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-இல் அவருக்கும் காப்புரிமை கிடைத்தது. குலுக்கல் போயிற்று. ஆனால் அன்றைக்கே பஞ்சரும் பிறந்துவிட்டது.

அந்தப் பஞ்சரில்தான் எங்கள் குடும்பம் சோறு உண்கிறது. என் தந்தையார் ஒத்தக்கடைக்கு அப்பால் மேலூர்ச் சாலையில் ஒரு வேப்ப மரத்தடியில் பஞ்சர்க் கடை வைத்திருக்கிறார். அதே சாலையில் மேலும் சென்றால் வெள்ளரிப்பட்டியில் இரு சக்கர வண்டிகளுக்கு டயர் செய்யும் பெரிய ஆலை இருக்கிறது. அங்கே பிறக்கும் டயர்கள் பல எங்கள் மரத்தடிக்கு வைத்தியத்துக்கு வரும் என்று தந்தையார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மதுரைக்கும் பஞ்சருக்கும் உள்ள உறவு பழையது. 1912-ஆம் ஆண்டு வாக்கில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே பேருந்து விடத் தொடங்கிய காலத்தில், சாலையெங்கும் மாட்டு வண்டிகள். மாட்டுக் குளம்பிலிருந்து கழன்று விழும் லாட ஆணிகள்தாம் பேருந்துக்குப் பெரும்பகை. அதற்காக அவர்கள் பெரிய காந்தத்தை வண்டியில் பூட்டிச் சாலையைப் பெருக்கினார்கள் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று லாட ஆணி குறைந்துவிட்டது. அதன் இடத்தைக் கட்டட வேலைக் கம்பித் துண்டும், திருகாணியும், மானாமதுரை தாண்டினால் சீமைக் கருவேல முள்ளும் பிடித்துக்கொண்டன.

இனிக் கட்டுரைக்கு வருகிறேன். என் தாய்மாமா கல்யாண வீடுகளுக்குக் கார் வாடகைக்கு விடுபவர். ஒரு ஜெர்மானியக் காரைக் கைமாற்றாக, தவணைக் கடனில் வாங்கியிருந்தார். அதில் ஸ்டெப்னி கிடையாது. வைக்கும் பள்ளமும் இல்லை. காரணம், அதன் நான்கு டயர்களும் காற்று இறங்கினாலும் ஓடக்கூடியவை. ஆங்கிலத்தில் ‘ரன் ஃப்ளாட்’ என்கிறார்கள்.

சென்ற தை மாதம் பரமக்குடியில் மணமக்களை ஏற்றிக்கொண்டு மதுரைக்குத் திரும்பும்போது, ஊர் எல்லையிலேயே டயர் விளக்கு எரிந்திருக்கிறது. வண்டியோ எவ்வித ஆட்டமும் இன்றிப் போய்க்கொண்டிருந்தது. மாமா நிற்காமல், வழக்கமான வேகத்திலேயே எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி மதுரை வந்துவிட்டார். மறுநாள் காலையில் எங்கள் கடைக்கு வந்தார்.

“மச்சான், ஆணிதான். வெளியிலிருந்தே ஒரு திரி செருகி விடுங்க. நாளைக்கு முகூர்த்தம்.”

தந்தையார் ஆணியைப் பார்த்தார். டயரின் பக்கச் சுவரை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். “மாப்பிள்ளை, இதைத் தொட மாட்டேன். உள்ளே பார்க்கணும்” என்றார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நூறு ரூபாய் வேலையைச் செய்ய மறுக்கும் பஞ்சர்க் கடைக்காரரை அவர் பார்த்ததில்லை. இந்த டயரை லிவர் போட்டுக் கழற்றவும் முடியாது. சுவர் அவ்வளவு விறைப்பு. நகரத்தில் இயந்திரம் வைத்திருக்கும் கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றிய போது, உட்புறம் முழுதும் காப்பிப்பொடி போலக் கறுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. சுவர் உள்ளேயே அரைபட்டிருந்தது.

ஏன் அப்படி என்று என்னிடம் கேட்டார்கள். “நீதானே அதைப் படிக்கிறே, சொல்லு” என்றார் மாமா. அன்று முழுமையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பின்னர் படித்தும் கணக்கிட்டும் அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

காரைத் தாங்குவது டயர் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் தாங்குவது காற்று. ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்துக்கு 450 கிலோ, அதாவது ஏறத்தாழ 4,400 நியூட்டன் விசை. டயரில் 33 பவுண்டு காற்று என்றால், அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,27,500 நியூட்டன். விசையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு: சுமார் 190 சதுர சென்டிமீட்டர். ஒரு பக்கம் 14 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம்தான் ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடும் இடம். இத்தகைய நான்கு சதுரங்களின் மேல்தான் மணமக்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

காற்றுப் போனால் சாதாரண டயரின் சுவர் துணிபோல் மடங்கும். ரிம் அதன் மேலேறி அறுத்துவிடும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ரன் ஃப்ளாட் டயரில் பக்கச் சுவரின் உள்ளே தடித்த கெட்டி ரப்பர் வைத்துச் சேர்த்திருப்பார்கள். காற்று இல்லாதபோது அந்தச் சுவரே தூணாக நின்று எடையைத் தாங்குகிறது. ஆனால் ஓடும் சக்கரத்தின் தூண் அசையாமல் நிற்பதில்லை. தரைக்கு வரும்போது வளைந்து, மேலே போகும்போது நிமிர்கிறது. மாமாவின் டயரில் ‘225/50 ஆர் 17’ என்று எழுதியிருந்தது. அகலம் 225 மில்லிமீட்டர். சுவரின் உயரம் அதில் 50 விழுக்காடு. ரிம்மின் விட்டம் 17 அங்குலம். இதிலிருந்து சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.06 மீட்டர் எனக் காணலாம். அப்படியானால் 80 கிலோமீட்டர் ஓடுவதற்குள் சுவரின் ஒவ்வோர் இடமும் சுமார் 39,000 முறை மடங்கி நிமிர்கிறது!

காந்தத் தயக்கத்தைப் பற்றி நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். காந்தமாக்கும் புலத்தை ஏற்றி இறக்கினால் வரைபடம் சென்ற வழியே திரும்பாமல் ஒரு கண்ணியை உண்டாக்கும். கண்ணியின் பரப்பு ஒரு சுற்றில் வெப்பமாக வீணாகும் ஆற்றலைக் குறிக்கும். ரப்பருக்கும் இதே குணம் உண்டு. மடக்கும்போது கொடுத்த ஆற்றல் முழுவதையும் நிமிரும்போது அது திருப்பித் தருவதில்லை. மீதி வெப்பமாகிச் சுவரிலேயே தங்குகிறது. வேகம் கூடினால் ஒரு நொடிக்கு மடங்கும் எண்ணிக்கை கூடும். வெப்பம் வெளியேற நேரம் குறையும். ஆகவேதான் இவ்வகை டயர் செய்வோர் பொதுவாக, காற்றிழந்தபின் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில் 80 கிலோமீட்டர் வரை மட்டுமே ஓட்டலாம் என்கிறார்கள். பாரம் மிகுதியென்றால் இன்னும் குறைவு. மாமா தூரத்தை மீறவில்லை, வேகத்தை மீறிவிட்டார். காப்பிப்பொடிக்குக் காரணம் அதுதான்.

பழுது பார்ப்பதைப் பொறுத்தவரை எல்லோரும் ஒரே வார்த்தை சொல்வதில்லை. சில கம்பெனிகள் ஒட்டவே கூடாது என்கின்றன. சில, காற்று முழுதும் இறங்கிய நிலையில் ஓடாதிருந்தால், தரையில் படும் பகுதியிலுள்ள சிறு துளையை மட்டும் உள்ளே பார்த்துவிட்டு ஒட்டலாம் என்கின்றன. என் தந்தையார் இவற்றுள் எதையும் படித்தவரல்லர். விரலில் பட்ட ஒரு சுருக்கத்தை வைத்தே சொன்னார்.

இந்த எண்ணம் புதியதன்று. டன்லப் கம்பெனி 1970-களிலேயே ‘டெனோவோ’ என்ற பெயரில் இத்தகைய டயரை விற்றது; பெரிதாகப் பரவவில்லை. 1980-களில் போர்ஷே 959 என்னும் பந்தய வேகக் காருக்குப் பிரிட்ஜ்ஸ்டோன் செய்து கொடுத்தது. காற்றழுத்தம் குறைந்ததை ஓட்டுநருக்குக் காட்டும் கருவி வந்தபிறகே இது பெருகியது. அக்கருவி இன்றேல் பஞ்சரானதே தெரியாது அல்லவா? ஸ்டெப்னி என்ற சொல்லும் இங்கிலாந்திலிருந்து வந்ததென்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904 முதல் உபரிச் சக்கரம் செய்து விற்ற கம்பெனியின் பெயர். கம்பெனி மறைந்தும் பெயர் நம் லாரி ஓட்டுநர் வாயில் வாழ்கிறது.

இப்போது மாமாவின் கேள்வி: மீண்டும் ரன் ஃப்ளாட் டயரே வாங்குவதா, சாதாரண டயருக்கு மாறுவதா?

சாதாரண டயரைப் பொருத்த ரிம் தடையாக இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் மாற்றிக் கலந்து போடக்கூடாது. விறைத்த சுவரும் மெல்லிய சுவரும் வளைவில் வெவ்வேறாக நடக்கும். மாற்றினால் நான்கும் மாற்ற வேண்டும். மற்ற மூன்று டயர்களின் சுவரில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்தேன். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். அவற்றுக்கு ஆறு வயது ஆகியிருந்தது. ஆகவே எப்படியும் நான்கும் வாங்கியாக வேண்டிய நிலை.

எங்களிடம் சொன்ன விலையில் ரன் ஃப்ளாட் டயர் சாதாரண டயரைப் போல் ஒன்றரை மடங்கு. நான்கு ரன் ஃப்ளாட், ஆறு சாதாரண டயருக்குச் சமம். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று மாமா மகிழ்ந்தார். ஆனால் சாதாரணத்துக்கு மாறினால் ஐந்தாவது டயர், அதற்கு ஒரு ரிம், ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் வேண்டும். கூட்டிப் பார்த்தால் முதல் நாள் மிச்சம் கைக்குட்டையில் முடியும் அளவே. 2020-இல் மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள சிறிய கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லைதான். ஆயினும் வெடித்துக் கிழிந்த சுவரைப் பெட்டியிலுள்ள பசை ஒட்டாது. நடு இரவில் சத்திரக்குடிப் பக்கம் நின்றால் சட்டம் வந்து தள்ளாது.

உண்மையான மிச்சம் பின்னால் வருவது. சாதாரண டயரில் முள் குத்தினால், விளக்கைக் கண்டதும் நின்று சக்கரத்தை மாற்றிவிட்டால், டயர் பிழைக்கும், ஒட்டலாம். மற்றதில் ஓட்டியே வந்துவிட்டால் டயரே போய்விடும். மேலும் நம் ஊர்ப் பள்ளங்களிலும் வேகத்தடைகளிலும் விறைத்த சுவர் அடியை ரிம்முக்கே கடத்துகிறது. உட்கார்ந்திருப்பவர் முதுகும் அதை அறியும்.

எதிர்ப்பக்கமும் பலமானதே. கொடைக்கானல் மலைப்பாதை வளைவில் திடீரென்று காற்றுப் போனால், விறைத்த சுவர் வண்டியைக் கைக்குள் வைத்திருக்கும். இரவில் தனியே கார் ஓட்டிச் செல்லும் பெண்ணோ, ஜாக்கி தூக்க முடியாத முதியவரோ கேட்டால், விலையைப் பாராமல் ரன் ஃப்ளாட்டே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மாமாவோ சமவெளியில், பகலில், உதவியாளோடு ஓடுபவர். வழியெல்லாம் பஞ்சர்க் கடை. அவருக்குச் சாதாரண டயரே தகும் என்பது என் கருத்து. ஆனால் மூன்று நிபந்தனை சொன்னேன். டயரில் எழுதியுள்ள பார எண் 94-க்குக் குறையக் கூடாது. 94 என்பது ஒரு டயருக்கு 670 கிலோ. எச்சரிக்கைக் கருவியைக் கழற்றக் கூடாது. காற்றைக் காலையில், ஓடுமுன் பார்க்க வேண்டும். காலை 30 பாகை வெப்பத்தில் 33 பவுண்டு இருக்கும் டயர், சித்திரை வெயிலில் ஓடி 60 பாகை அடைந்தால், கன அளவு மாறாதெனக் கொண்டு கணக்கிட, சுமார் 38 காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடுபவர்கள் உண்டு. மறுநாள் காலை அது குறைந்து நிற்கும்.

மாமா நான்கு சாதாரண டயர் போட்டார். ஐந்தாவது பின்பெட்டியில் பெல்ட்டால் கட்டப்பட்டுக் கிடக்கிறது. அதனால் சீர்த்தட்டுகளுக்கு இடமில்லை. அவை வேறு வண்டியில் வருகின்றன. இந்தத் தொல்லையை நான் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன் என்று மாமா இன்றும் குறை சொல்கிறார். குறை நியாயமானதே. கொடைக்கானல் சவாரிக்கு அந்தக் காரை அவர் அனுப்புவதில்லை.

கெட்டுப்போன டயரை நான் கேட்டு வாங்கினேன். உள்ளே எஃகுக் கம்பி இருப்பதால் இரும்பு ரம்பத்தால் அறுக்க அரை நாள் ஆயிற்று. தந்தையார் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் துண்டும், பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சாதாரண டயரின் ஒரு துண்டும் நம் துறை ஆய்வகத்தில் ஜன்னலோர மேசையில் இருக்கின்றன. சுவரின் தடிப்பு வேறுபாட்டைக் காண விரும்பும் மாணவர்கள் அங்கே பார்க்கலாம்.