பசுந்தாட் பசளை: இரண்டு பேர்ச்சில் தொடங்குவோம்

சம்பூர்ப் பிரதேச மக்கள் 2006 ஏப்ரலில் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய இடங்களில் முகாம்களில் வாழ்ந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் பகுதி பகுதியாகத் தம் காணிகளுக்குத் திரும்பினர். இத்தகைய காணியில் மறுபடி தோட்டம் செய்வோர் காண்பது என்ன? பற்றை மண்டிக் கிடக்கிறது. இயந்திரம் தள்ளிய இடத்தில் மேல்மண் இல்லை. எரு தந்த மாடுகளும் இல்லை. கடைப் பசளையையும் எப்போதும் நம்ப முடியாது. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, நவம்பரில்தான் தடையை நீக்கியது.

ஆகவே பசளையைக் காணியிலேயே வளர்ப்பது பற்றிச் சிந்திப்போம். யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. பூவரசங்குழையையும் காவிளாயையும் மண்ணில் தாழ்ப்பதும், சணல் விதைத்துப் பூக்கும் தறுவாயில் உழுது புதைப்பதும் அங்கு நெடுநாளைய வழக்கம்.

சணல் அவரைக் குடும்பத்துப் பயிர். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. ஒரு மாதச் செடியொன்றை மெதுவாகக் கிண்டி எடுத்து, முடிச்சொன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாயின் வேலை நடக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருப்பின் நடக்கவில்லை. இம்முடிச்சு விரலால் உரசினால் உதிரும். கத்தரி, தக்காளி வேர்களில் உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழுவின் வேலை. சணல் அப்புழுவின் பெருக்கத்தையும் குறைக்கும். கௌபியை அதற்கு நம்ப முடியாது.

ஒரு பேர்ச்சுக்கு 100 கிராம் விதை போதும். ஐப்பசி மழையுடன் தூவி, இலேசாக மண்ணால் மூடுங்கள். நீர் தேங்கும் இடத்தில் சணல் அழுகும். அங்கு தக்கைப்பூண்டு நல்லது, ஓரளவு உவரையும் தாங்கும். ஆடு நுழையாமல் வேலி அவசியம். வேலிக்குச் சீமைக்கிளுவைத் தடிகளை நட்டால் அதன் குழையும் பசளைக்கு உதவும்.

45 முதல் 60 நாட்களில் முதற்பூக்கள் தோன்றும். அப்போதே அறுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, ஆறங்குலத்துக்குள் கொத்திப் புரட்டுங்கள். இன்னும் வளரட்டும் என்று விட்டால் தண்டு நாராகிவிடும். அந்த நார் உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனையும் இழுத்துக்கொள்ளும்; கன்றுகள் மஞ்சளாகும். மண்ணில் ஈரம் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் கன்று நடலாம். கரையோர மணலில் அதற்குமேல் தாமதிக்க வேண்டாம். மழைநீரோடு சத்துக் கீழிறங்கிவிடும்.

பசித்த குடும்பத்திடம் இரு மாதம் நிலத்தை மண்ணுக்காக விடச் சொல்வது இலகுவான பேச்சல்ல என்பதை அறிவோம். பத்துப் பேர்ச் இருந்தால் இரண்டை மட்டும் ஒதுக்குங்கள். அடுத்த போகம் வேறு இரண்டு. அதுவும் இயலாதவர்கள் கௌபி இட்டு, காயை ஆய்ந்து உண்டபின் கொடியைப் புதைக்கலாம். சத்தின் பெரும்பகுதி காயோடு போய்விடும். ஆயினும் வெறும் நிலத்தைவிட மேல். கச்சான் கொடியும் அவ்வாறே.

பிறர் காணியில் தங்கியிருப்போர், “யாரோ ஒருவருக்கு நாங்கள் ஏன் மண்ணைத் திருத்த வேண்டும்?” என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இது தென்னம்பிள்ளை வைப்பது போலன்று. புதைத்ததன் பலன் அடுத்து நடும் கத்தரியிலேயே தெரியத் தொடங்கும். அந்தக் கத்தரி உங்களுடையது.

விதைக்காக ஓரத்தில் சில செடிகளை அறுக்காமல் விடுங்கள். காய் முற்றிக் காய்ந்ததும் குலுக்கினால் சலசலக்கும். அப்போது பறித்து, ஈரம் படாத போத்தலில் அடைத்து வையுங்கள். இடம் மாற நேர்ந்தாலும் அதைக் கையோடு கொண்டு போகலாம்.