பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் நியாய விலை

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது முன்னோர் வாக்கு. தொலைக்காட்சிப் பெட்டிக்கு அந்தப் பேறு இல்லை. கடையை விட்டு வீட்டிற்கு வந்த நாளே அதன் விலை இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஆறேழு ஆண்டுகள் ஓடிய ஒரு தட்டைத் திரைப் பெட்டிக்கு நியாயமான விலையை எங்ஙனம் கணிப்பது? வணிகவியல் வகுப்பில் தேய்மானக் கணக்கைப் பல முறை போட்டிருந்தும், இக்கேள்வி என் வீட்டு வாசலுக்கே வந்தபோது சற்றுத் திகைத்துத்தான் போனேன்.

எங்கள் ஊர் வல்லக்கோட்டை. முருகன் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூருக்கு அருகில் இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் நிறைந்துள்ளன. ஆலைத் தொழிலாளர்க்கு அறை வாடகைக்கு விடும் குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. மாடி அறையில் தென்மாவட்ட இளைஞர் மூவர் இருந்தனர். 2019 தீபாவளிக்கு மூவரும் போனஸ் பணத்தைச் சேர்த்து, 32,000 ரூபாய்க்கு 43 அங்குலப் பெட்டி ஒன்றை வாங்கினர். 2025 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் புறப்பட்டபோது, "அண்ணாச்சி, டி.வி.யை நீங்களே எடுத்துக்கிடுங்க. பன்னிரண்டாயிரம் குடுத்தா போதும்" என்றனர். என் தந்தையோ மூவாயிரத்திற்கு மேல் அசையவில்லை. அன்றிரவே அவர்களுக்கு ரயில். "தம்பி காலேஜுல இதத்தான படிக்கு, தம்பியே சொல்லட்டும்" என்று பொறுப்பை என்மேல் வைத்துவிட்டனர்.

அடிப்படை விலை எது?

அவர்கள் கேட்ட தொகைக்கும் ஒரு கணக்கு இருந்தது. பெட்டியின் ஆயுள் பத்து ஆண்டு, ஆறு கழிந்தது, நான்கு மீதி. 32,000 ரூபாயில் பத்தில் நான்கு பங்கு 12,800. முறை சரியே, எடுத்துக்கொண்ட அடிப்படை விலைதான் பிழை. 2019இல் கொடுத்த பணம் கொடுத்ததுதான். வாங்க வருபவர் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. இதே அளவில் புதுப்பெட்டி இன்று என்ன விலை என்பதையே அவர் எண்ணுகிறார். ஒரகடத்துக் கடையில் விசாரித்தேன். 21,000 ரூபாய் என்றனர்.

இதில் வரிக்கும் பங்குண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. கடைக்காரர் குறைப்பை முழுவதும் கொடுத்தால், 128 ரூபாய்ப் பொருள் 118 ரூபாய்க்கு வரும். அஃதாவது, ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. வரி குறைந்தது புதுப்பெட்டிக்குத்தான். ஆயினும், மாடியறைச் சுவரில் தொங்கிய பழைய பெட்டியின் விலையும் அதனோடு சேர்ந்து இறங்கிவிட்டது!

பெட்டியின் உயிர்நிலை

அடுத்துப் பார்க்க வேண்டியது பேனல் எனப்படும் திரைப்பலகை. பெட்டியின் அடக்கவிலையில் பாதிக்கும் மேல் இதற்கே போகிறது. இதன் முக்கியத்துவத்தை நம் வட்டாரமே கண்டிருக்கிறது. 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பேனலுக்கும் அதன் பாகங்களுக்கும் இறக்குமதி வரி விதிக்கப்பட்ட பின்னர், சாம்சங் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் தொலைக்காட்சி உற்பத்தியை அவ்வாண்டில் நிறுத்தி, வியட்நாமிலிருந்து பெட்டிகளைத் தருவித்தது. ஆலையையே அசைத்த பொருள், வீட்டிலிருக்கும் பெட்டியின் விலையை அசைக்காதா?

ஆகவே சோதனை திரையில் தொடங்க வேண்டும். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களை ஓடவிட்டு, புள்ளி, கோடு, கறை உண்டா எனப் பார்க்க வேண்டும். சூடேறிய பின் தோன்றும் குறைகளும் உண்டாதலால், ஒரு மணி நேரமாவது ஓடவிடுதல் நன்று. ஒலி வந்து படம் வராவிட்டால், திரைமீது டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பார்க்கலாம். மங்கலாகப் படம் தெரிந்தால், பழுது பெரும்பாலும் பின்னொளி விளக்கில்தான், அதை மாற்றிவிடலாம். பேனலே விரிசல் கண்டிருந்தால், புதுப்பேனலின் செலவு ஏறக்குறைய புதுப்பெட்டியை எட்டிவிடும். அத்தகைய பெட்டி உதிரிப் பாகங்களுக்கே விலை போகும். எங்கள் மாடிப் பெட்டியின் பேனல் நன்றாக இருந்தது. கீழ் மூலையில் மட்டும் ஒளி மங்கியிருந்தது. பழுது பார்ப்பவர் தொலைபேசியில் 1,500 ரூபாய் ஆகும் என்றார்.

இரு முறைகள், ஒரு விலை

பத்தாண்டு ஆயுள் எனக் கொண்டு நேர்க்கோட்டு முறையில், இன்றைய விலையான 21,000 ரூபாயில் பத்தில் நான்கு பங்கு 8,400. ஆண்டுக்கு 20 விழுக்காடு எனக் கொண்டு குறைந்து செல் மதிப்பு முறையில், ஆறு ஆண்டு கழிந்தபின் எஞ்சுவது ஏறத்தாழ 5,500. இரண்டிலும் பழுதுச் செலவு 1,500 ரூபாயைக் கழித்தால், நியாய விலை 4,000 ரூபாய்க்கும் 6,900 ரூபாய்க்கும் இடைப்பட்டது. நடுவில் நின்று, மூவரும் பிரித்துக்கொள்ள ஏற்றவாறு 5,400 என்றேன்.

"ரயிலுக்குப் போறவங்கடா, மூவாயிரத்துக்கே குடுத்துட்டுப் போவாங்க" என்றார் தந்தை. அவர் சொன்னது உண்மைதான். அவசரத்தில் விற்பவர் எந்த விலைக்கும் இசைவார். ஆனால், கணக்கில் எதைக் கழிக்கலாம்? தேய்மானத்தைக் கழிக்கலாம், பழுதைக் கழிக்கலாம். விற்பவரின் ரயில் நேரம் பெட்டியின் குறையன்று. அதைக் கழிக்க நம் பாடநூலில் எந்தப் பத்தியும் இல்லை. இதைச் சொன்னபோது தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே சென்று பணத்தை எண்ணிக் கொண்டுவந்தார். ஆளுக்கு 1,800 ரூபாய். பன்னிரண்டாயிரத்தை எதிர்பார்த்தவர்களுக்கு அது குறைவுதான். ஆயினும், கணக்கைக் கேட்டபின் மூவரும் மறுக்கவில்லை.

விளக்கு மாற்ற 1,700 ரூபாய் ஆயிற்று; அவ்வளவில் என் கணிப்பு 200 ரூபாய் தவறியது. இன்றைய புதுவிலையை அறிக, பேனலைச் சோதிக்க, தேய்மானமும் பழுதும் கழிக்க, பிறர் அவசரத்தைக் கழிக்காது விடுக. ஒப்பந்தம் முடிந்து நாள்தோறும் யாரேனும் அறையைக் காலி செய்யும் எங்கள் வட்டாரத்தில், இந்த நான்காவது விதியே மற்ற மூன்றினும் பெரிதெனக் கருதுகிறேன்.