கதிருக்கும் அடங்காத புற்றுநோய் செல்லை அடக்குவது எப்படி?



புற்றுநோய் வந்தவர்களுக்குக் "கரண்ட் வச்சாங்க" என்று பெரியவர்கள் பேசுவதை நாம் கேட்டிருப்போம். உண்மையில் அது கரண்ட் இல்லை, கதிர்வீச்சு. 1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்தாரே எக்ஸ் கதிர், அதே வகைதான். எலும்பைப் படம் பிடிக்கும் கதிரைவிடச் சக்தி மிக அதிகம். ஷாக் அடிக்காது. படும்போது வலிக்கவும் வலிக்காது.

"கரண்ட் வச்சும் திரும்ப வந்திருச்சாமே" என்றும் சிலர் சொல்வார்கள். அது ஏன்? அதைத் தடுக்க விஞ்ஞானிகள் என்ன வழி தேடுகிறார்கள்? மார்பகப் புற்றுநோயை வைத்துப் பார்ப்போம்.

1. கதிர் என்ன செய்கிறது?

முதலில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிடுவார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் அங்கேயே தங்கியிருக்கலாம். அவற்றைக் கொல்லத்தான் கதிர்.

செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. முறுக்கிய ஏணி மாதிரி இருக்கிறது. கதிர் பட்டால் ஏணி உடையும். ஒரு பக்கக் கம்பு மட்டும் உடைந்தால் செல் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு கம்பும் ஒரே இடத்தில் உடைந்தால்தான் பெரிய அடி. அதை ஒட்ட முடியாத செல் பிரியும்போது செத்துப்போகும்.

கதிரை அளக்கும் அலகு 'கிரே'. 1 கிலோ உடம்பு 1 ஜூல் சக்தியை உறிஞ்சினால் அது 1 கிரே. பல வருடங்களாக இருக்கும் முறை, தினம் 2 கிரே வீதம் 25 நாள், மொத்தம் 50 கிரே. இப்போது 15 நாளில் 40 கிரே கொடுக்கும் முறையும் உண்டு. மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுக்காமல் பிரித்துக் கொடுப்பது ஏன் தெரியுமா? இடையில் நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள நேரம் வேண்டும் அல்லவா, அதற்காகத்தான்.

இதனால் பலன் உண்டா? உண்டு. மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்த 10,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. கதிர் கொடுக்காதவர்களில் 100-க்கு 35 பேருக்கு 10 வருடத்துக்குள் நோய் திரும்பியது. கதிர் கொடுத்தவர்களில் 100-க்கு 19 பேருக்குத்தான் திரும்பியது. 16 பேர் தப்பினார்கள்! 16 பேர் என்றால் 16 குடும்பம்.

சரி, அந்த 19 பேர்?

2. சில செல்கள் ஏன் சாவதில்லை?

சிலருக்கு நோய் முன்பே வேறு இடத்துக்குப் பரவியிருக்கலாம். இன்னொரு காரணம் கதிர் எதிர்ப்பு. அதாவது, கதிர் பட்டும் சில செல்கள் பிழைத்துக்கொள்கின்றன.

கண்மாய்க் கரை உடைந்தால் ஊரே மண்மூட்டையோடு ஓடுமே, அதுபோல டி.என்.ஏ. உடைந்ததும் ரிப்பேர் செய்யும் புரதங்கள் ஓடிவரும். 'ஏ.டி.எம்.' என்று ஒரு புரதம். (பணம் எடுக்கிற மெஷின் இல்லை!) "இங்கே உடைஞ்சிருக்கு, வாங்க" என்று மற்றவர்களைக் கூப்பிடுவது அதன் வேலை. 'ராட்51' என்ற புரதம் உடைந்த இடத்தைச் சரியாகச் சேர்க்க உதவும். புற்றுநோய் செல்லில் இந்த ரிப்பேர் படை பலமாக இருந்தால் காலையில் உடைத்ததை அது ராத்திரிக்குள் ஒட்டிவிடும்.

அப்ப டோஸைக் கூட்டினால் என்ன? கூட்டக் கூடாது. மார்புக்கு அடியில் நுரையீரல் இருக்கிறது. இடது பக்கம் என்றால் இதயமும் இருக்கிறது. ஆகவே இன்னும் பலமாக அடிப்பது வழியல்ல. உடைந்ததை ஒட்டவிடாமல் செய்ய முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

3. ஜீனை மௌனமாக்குதல்

நம் பள்ளியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் அறையில் ஒரு உத்தரவுப் பதிவேடு இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிய சுற்றறிக்கை வகுப்புக்கு வந்தால்தான் வேலை நடக்கும். வழியிலேயே யாராவது சுற்றறிக்கையைக் கிழித்துவிட்டால்? பதிவேடு பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் வேலை நடக்காது.

பதிவேடுதான் டி.என்.ஏ. அதில் உள்ள ஓர் உத்தரவு ஜீன். சுற்றறிக்கை தூது ஆர்.என்.ஏ. நடக்கும் வேலை புரதம். சுற்றறிக்கையைக் கிழிப்பதுதான் ஜீனை மௌனமாக்குதல்.

இது தெரியவந்த கதை சுவாரசியமானது. பெட்டுனியா பூவின் ஊதா நிறத்தை அதிகமாக்க நினைத்து நிறத்துக்கான ஜீனைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். சில பூக்கள் வெள்ளையாகப் பூத்துவிட்டன! இது 1990-ல் வெளியான செய்தி. காரணம் புரிந்தது 1998-ல். ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ இருவரும் 1 மில்லிமீட்டர் நீளப் புழுவுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.-வைச் செலுத்தினார்கள். அதே எழுத்து வரிசை உள்ள தசை ஜீன் மௌனமாகி, புழு துடிதுடித்தது. இதற்காக 2006-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். சுமார் 21 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ. மனித செல்லிலும் இந்த வேலையைச் செய்யும் என்பது 2001-ல் தெரிந்தது.

4. இரண்டையும் சேர்த்தால்?

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளில் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்க்கிறார்கள். ஒரு தட்டில் ரிப்பேர் ஜீனை மௌனமாக்கும் குட்டி ஆர்.என்.ஏ. இன்னொரு தட்டில் எந்த ஜீனையும் தொடாத சும்மா ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் ஒரே அளவு கதிர். பிறகு சுமார் இரண்டு வாரம் காத்திருந்து, 50 செல்லாவது கொண்ட கூட்டங்கள் எத்தனை என்று எண்ணுகிறார்கள். ஏ.டி.எம்., ராட்51 போன்ற ஜீன்களை மௌனமாக்கிய தட்டுகளில் கூட்டங்கள் குறைகின்றன. கதிர் அதேதான். ஒட்டுவதற்குத்தான் ஆள் இல்லை!

5. அப்படியென்றால் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை?

தட்டு வேறு, உடம்பு வேறு. குட்டி ஆர்.என்.ஏ. ரத்தத்தில் போனால் சீக்கிரம் சிதைந்துவிடும். அதைக் கொழுப்பு உறைக்குள் வைத்து அனுப்பினால் பெரும்பாலும் கல்லீரலுக்கே போய்ச் சேர்கிறது. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இவ்வகை முதல் மருந்து, நரம்பைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கானது. அந்த நோயில் கெட்ட புரதம் கல்லீரலில்தான் உண்டாகிறது. அதனால் அங்கே வசதியாகப் போயிற்று. மார்பகக் கட்டிக்குச் சரியாகப் போய்ச் சேர வைப்பது கடினம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிறவியிலேயே ஏ.டி.எம். ஜீன் இரண்டு பிரதியும் கெட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். சாதாரண அளவு கதிரைக்கூட அவர்கள் உடம்பு தாங்காது. நல்ல செல்லிலும் ரிப்பேர் நின்றுபோனால் நமக்கும் அதே கதிதான். ஆகவே புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் போகும் வழியை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

முடிவாக,

புது மருந்து வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. இன்றைக்கு இருக்கும் கதிர் சிகிச்சையே 35-ஐ 19 ஆக்கியிருக்கிறது. வீட்டில் அம்மா, அத்தை, பாட்டி யாருக்காவது மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் கதிர் வேண்டும் என்றால், "கரண்ட்" என்று பயந்து பாதியில் நிறுத்தவும் விடாதீர்கள். மிச்சமுள்ள 19-ஐக் குறைக்கும் வேலை பாக்கி இருக்கிறது. பெரிய வகுப்பில் அறிவியல் எடுத்துப் படிக்கப்போகும் நம்மில் யாராவது அதைச் செய்யலாமே!

யோசித்துப் பாருங்கள்:
1. சும்மா ஆர்.என்.ஏ. போட்ட தட்டு சோதனைக்கு எதற்கு?
2. ஜீனை மௌனமாக்குவதும் ஜீனை அழிப்பதும் ஒன்றா?

விடை கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.

– 9-ஆம் வகுப்பு மாணவி