தொழிலும் பேச்சும்



பிரித்தானியாவுக்குப் புலம்பெயர்ந்த எம்மவரில் பலர் மின்சார வேலை, குழாய் வேலை, வாகனத் திருத்தம் ஆகியவற்றைச் சொந்தத் தொழிலாக நடத்துகின்றனர். அகதியாக வந்து கணக்காளர் தொழிலைத் தொடரும் நாம், இவர்களின் கணக்குகளில் ஒன்றைக் காண்கிறோம். வரவேண்டிய பணம் வராமற் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வேலையிலுள்ள பிழையன்று. முதலிலேயே பேசாமல் விட்ட விடயங்களே.

1. விலை பேசுதல்

'எஸ்டிமேட்' என்பது உத்தேசக் கணக்கு. 'குவட்டேசன்' என்பது இந்த விலைக்குச் செய்து தருவேன் என்னும் உறுதி. எதைக் கொடுக்கிறோம் என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "எங்கட ஆள்தானே, பார்த்துத் தாங்கோ" என்பது முதல்நாள் இனிக்கும். பில் கொடுக்கும் நாளில் கசக்கும். இரு குடும்பங்கள் கோயிலில் முகம் பாராமல் நிற்க இது ஒன்றே போதும். வேலை, விலை, நாள் மூன்றையும் எழுதிக் கொடுப்பது அவநம்பிக்கையன்று, மரியாதை.

2. வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலை நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும். அவ்வேலை பற்றித் தொழிலாளர் சொன்னதை நம்பி வாடிக்கையாளர் முடிவெடுத்தால், அச்சொல்லும் ஒப்பந்தத்தின் பகுதியாகும். ஆகவே "நாளைக்கே முடியும்" என்று இலேசாகச் சொல்லலாகாது. தாமதமானால், அவர் கேட்கும் முன் நாமே தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். குறை சொல்பவரிடம் வாதாடாமல், "வந்து பார்க்கிறேன்" என்பதே முதற்சொல்லாக இருக்கட்டும். குறையிருந்தால் திருத்தித் தரும்படி கேட்பது அவரது சட்ட உரிமை.

3. அட்டை காட்டுதல்

காஸ் வேலை செய்பவர் 'காஸ் சேஃப்' பதிவேட்டில் இருத்தல் வேண்டும். இது 2009 ஏப்ரல் 1இல் 'கோர்கி'க்குப் பதிலாக வந்தது. எந்த எந்த வேலைகளுக்குத் தகுதியுண்டு என்பது அடையாள அட்டையின் பின்புறத்தில் இருக்கும். அட்டையைக் கேட்டால் "என்னை நம்பேல்லையோ?" என்று கோபிக்க வேண்டாம். தனியே வாழும் முதியவர்களிடம் கேட்கும் முன்பே காட்டுவது நல்லது.

4. சக தொழிலாளர்

"இதைச் செய்தவன் ஆர்?" என்று சிரிப்பது சிலரின் பழக்கம். முன்னவர் எவ்வளவு பணத்துக்குள், எந்த நெருக்கடியில் செய்தார் என்பது எமக்குத் தெரியாது. பிழையைச் சொல்லுங்கள், ஆளை இகழாதீர்கள். ஆனால் ஆபத்து இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். எமது கணக்குத் தொழிலில், ஒருவர் கணக்காளரை மாற்றினால், புதியவர் வாடிக்கையாளரின் அனுமதியுடன் பழையவருக்கு எழுதி, தாம் அறியவேண்டியது ஏதும் உண்டா எனக் கேட்பது வழக்கம். மற்றத் தொழில்களுக்கும் இது பொருந்தும்.

வாடிக்கையாளராகிய எமக்கும் கடமையுண்டு. பேசிய பணத்தைப் பேசிய நாளில் கொடுப்போம். பூசை முடிந்து அன்னதானத்துக்கு இருப்பவரிடம் இலவச ஆலோசனை கேட்பதைத் தவிர்ப்போம். பிள்ளைகள் எமது தொழிலைவிட, நாம் பேசும் முறையையே முதலில் பழகுகிறார்கள்.